இடிக்கக்கூடாதார்

உலகத்தில் இடிக்கக்கூடாதார் என்றொரு இனம் உண்டு. ஒஸ்லோவில் இந்த இனம் நன்றாகவே செழிக்கிறது. குளிருக்கும் இதற்கும் ஏதோ பொருத்தம் இருக்க வேண்டும். கண்ட உடனே அடையாளம் தெரிந்துவிடும். நீங்கள் ஓட்டைக் கூரை என்று நினைத்துக்கொண்டிருப்பதை அவர் 'கிடைமட்டக் கோடு' என்பார். உங்கள் வீட்டுக் கதவுப் பிடியை உங்களைக் கேட்காமலே தடவுவார், தடவிவிட்டுப் பெருமூச்சு விடுவார், "இனி இப்பிடி ஒண்டு செய்ய ஆளில்லை" என்பார். பிடி கழன்று கையோடு வந்தால் அதையும் பரவசத்தோடு பார்ப்பார். ஒரு விதி மட்டும் தவறவே தவறாது: அவர் காப்பாற்றும் பொருள் எதுவும் அவருடையதாக இருக்காது.

பிலேந்திரனைப் பாருங்கள். மன்னாரிலிருந்து வந்து பதினைந்து வருடம்; மோர்டென்ஸ்ருட்டில் வரிசை வீடு; சுரங்க ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வேலை. வீட்டுக்குள் பழைய சாமான் என்று ஒரு கரண்டிகூடக் கிடையாது. வீட்டோடு வந்த சமையலறை அலுமாரிகளை வாங்கிய மறு வாரமே கழற்றிக் குப்பைக் கிடங்கில் எறிந்தவர் அவர். யன்னலெல்லாம் மூன்று அடுக்குக் கண்ணாடி. தரைக்குக் கீழே சூடு. அந்த இதமான தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, மற்றவர்கள் பழைய கட்டடங்களை இப்படிப் பாழாக்குகிறார்களே என்று அவர் வருந்துவதை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அவருக்கென்று வாய்த்தது ஒரு மோட்டல்.

ஒஸ்லோவிலிருந்து ஒன்றரை மணிநேரம் கார் ஓடினால் மோகெஸ்ட்ரண்ட் என்ற கடற்கரை ஊர் வரும். கோடையில் நிற்க இடம் இராது. மற்ற மாதங்களில் கடற்பறவைகள்தான் பெரும்பான்மை. நோர்வேயில் யாரும் கார் வாங்கலாம் என்று ஆன அடுத்த வருடம், 1961இல், அங்கே பன்னிரண்டு அறைகளோடு அந்த மோட்டலைக் கட்டினார்கள். கதவுக்கொரு நிறம், கதவுக்கு முன்னால் கார், கட்டிலில் கிடந்தபடியே கடலைப் பார்க்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, மேலே மேசை போலத் தட்டையான கூரை. பிலேந்திரனின் மனைவி சிந்தியாவின் தங்கை அனஸ்ரேசியாவும் அவள் கணவன் றொனால்டும் 2000ஆம் ஆண்டில் அதை வாங்கி, ஸ்ட்ரோம்மனில் இருந்த வேலைகளையும் விட்டுவிட்டு, ஒன்றாம் அறையிலேயே குடியேறினார்கள்.

தட்டையான கூரையில் மழை தங்கியது. தங்கிய மழை ஏழாம் அறைக்குள் இறங்கியது. அது போதாதென்று எட்டாம் அறையையும் பிடித்துக்கொண்டது. 2002 கோடை முடிகிற நேரம் றொனால்ட் ஒரு தச்சரைக் கூட்டிவந்து அளவெடுத்தான். சரிவான கூரை, புதிய யன்னல்கள், எல்லாம் பனி விழ முன்னர் முடிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கோடைக்கு விட அறையே மிஞ்சாது, அவர்கள் இருவருக்கும் போக வேறு இடமும் இல்லை.

பிலேந்திரன் இதைக் கேட்டபோது ஏழாம் அறை வாசலில், புதிதாக வாங்கிய டிஜிட்டல் கமராவும் கையுமாக நின்றார்.

"சரிவுக் கூரையோ? உங்களுக்கென்ன விசரே? அந்தக் கோட்டைப் பாருங்கோ!"

"அத்தான், நீங்கள் இந்த வாளியைப் பாருங்கோ," என்றாள் அனஸ்ரேசியா.

"பிள்ளை, கொஞ்சம் தள்ளி நில்லும். படத்துக்குள்ளை வாறீர்."

படத்தில் அவளும் வரவில்லை, வாளியும் வரவில்லை. கோடு மட்டும் வந்தது.

இடிக்கக்கூடாதார் சொந்தக்காரரோடு வாதாடி நேரத்தை வீணாக்க மாட்டார். மேலிடத்துக்கு எழுதுவார். மோகெஸ்ட்ரண்ட் வரலாற்றுச் சங்கத்தில் மொத்தம் பதினொரு பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், மாதமொருமுறை வாஃபிளும் கோப்பியுமாகக் கூடுகிறவர்கள். பிலேந்திரன் பன்னிரண்டாவதாகப் போய்ச் சேர்ந்தார். கம்பளி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அவர்களையே மிஞ்சிய நோர்வேஜியர் ஆனார். மோட்டலை மாற்றக் கூடாத மரபுச் சின்னமாக்கும்படி மனுப் போடலாம், ஆனால் கையெழுத்து வைக்க ஊரில் ஆள் போதாதே என்று சங்கத்தார் கவலைப்பட்டார்கள். ஆளை நான் கொண்டுவருகிறேன் என்றார் பிலேந்திரன். கொழுந்தியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல காரியமல்லவா, திடீரென்று தெரிந்தால் இன்னும் மகிழ்வாள்!

அப்படி ஒரு கட்டடத்தைக் காப்பதற்கு நோர்வேஜிய மொழியில் 'ஃப்ரேட்னிங்' என்று பெயர். வீட்டுக் கணினியில் மனுவைத் தயாரித்த பிலேந்திரன் அந்தச் சொல்லைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், போதாதென்று இன்னும் ஒருமுறை பெரிதாக்கினார். சொல் ஒரு வரிக்குள் அடங்காமல் உடைந்தது. மேல் வரியில் 'ஃப்ரேட்'. கீழ் வரியில் 'னிங்'.

'ஃப்ரேட்' என்றால்? சமாதானம்.

எந்த வருடம் என்று சொன்னேன்? 2002. நோர்வே நடுவில் நின்று இலங்கையில் போர்நிறுத்தம் வந்திருந்த வருடம். ஒஸ்லோத் தமிழர் கண் விழித்ததும் அந்தச் சொல்லோடு, கண்ணை மூடியதும் அந்தச் சொல்லோடு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து தேநீருக்காகக் கீழ் மண்டபத்துக்கு இறங்கி வருகிறவர்கள், மேசையில் உள்ளங்கை அகல எழுத்தில் 'ஃப்ரேட்' என்றிருக்கும் தாளைக் கண்டால் என்ன செய்வார்கள்? 'னிங்' வரைக்கும் வாசிக்க யாருக்குப் பொறுமை? வரிசையில் நின்றார்கள்.

ஊரில் பள்ளிக்கூடம் படிப்பித்து ஓய்வு பெற்ற அருட்செல்வம் மாஸ்டர் கையெழுத்து வைத்துவிட்டுப் பிலேந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இது சரிவருமோ தம்பி?"

"வரும் மாஸ்டர். ஆனா அவசரப்படக் கூடாது. நாப்பது வருசச் சங்கதியெல்லோ?"

"அதுதானே! ரண்டு பகுதியும் விட்டுக்குடுக்கோணும்."

"ஓம். முக்கியமா, கூரையிலை ஒருத்தரும் கைவைக்கக் கூடாது."

மாஸ்டர் சற்று யோசித்தார். இதற்குள் ஏதோ ஆழமான அரசியல் இருக்கிறது என்று முடிவுகட்டித் தலையாட்டினார்.

நம் சனத்துக்குள் கட்டடக்கலை மேல் இப்படியொரு பற்றா என்று பிலேந்திரனுக்கு நெஞ்சு விம்மியது. நான்கு ஞாயிறுகளில் நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. எண்ணிக்கையைப் பார்த்தாரே தவிரப் பெயர்களைப் பார்க்கவில்லை. சங்கத் தலைவர் வாஃபிளும் கையுமாக எழுந்து நின்று, எங்கள் கோடுகளின் அழகு எங்களைவிடத் தமிழருக்குத் தெரிந்திருக்கிறது என்றார். உள்ளூர்ப் பத்திரிகையும் அப்படியே எழுதியது.

ஒக்டோபர் கடைசியில் மோட்டலுக்குக் கடிதம் போனது. இறுதி முடிவு வரும்வரை வெளிப்புறத்தில் ஓர் ஆணியும் மாற்றக் கூடாது. தச்சர் இறக்கி வைத்திருந்த மரங்களைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார்.

பிலேந்திரன் சனிக்கிழமை மத்தியானம் ஒரு கேக்கோடு போய் இறங்கினார். வெளியே மழை. அனஸ்ரேசியா கடிதத்தோடு வந்த கையெழுத்துப் பட்டியலை மேசையில் விரித்து வைத்திருந்தாள். அவள் விரல் முப்பத்தேழாவது பெயரில் நின்றது.

"அத்தான், இது என்ரை கையெழுத்து."

முதல் ஞாயிறு பூசைக்கு வந்திருந்தவள், பிலேந்திரன் தேத்தண்ணி எடுக்கப் போன நேரம் வைத்தது அது. அவருக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"நீரும் வைச்சனீரோ? எனக்குத் தெரியும், உமக்கும் உள்ளுக்குள்ளை விருப்பம்தான்!"

"நான் நாட்டிலை சமாதானம் வரோணுமெண்டு வைச்சனான். நீங்கள் எனக்கெல்லோ சமாதி கட்டிப்போட்டியள்!"

அவள் கத்தவில்லை. கதிரையில் இருந்து அழுதாள். றொனால்ட் நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். பிலேந்திரனுக்கு வெட்கமாக இருந்தது. கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கூனிக்குறுகிப் போனார். கேக்கைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

மறு ஞாயிறே புதிய தாள் ஒன்றோடு மண்டபத்தில் நின்றார். கூரைக்கு மட்டும் விலக்குக் கேட்டு மனு. இம்முறை எல்லோரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தார்கள். அருட்செல்வம் மாஸ்டர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "இதுக்குள்ளை வேறை ஏதும் கிடக்கோ தம்பி?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். கடைசியில் தேறியது இரண்டு கையெழுத்து: பிலேந்திரனுடையதும் சிந்தியாவுடையதும்.

மேலிடத்திலிருந்து பதில் மட்டும் மரியாதையாக வந்தது. சரிவுக் கூரைக்கு அனுமதி இல்லை. கசிவுகளைப் பழைய முறைப்படி அடைத்துக்கொள்ளலாம். பாரம் தாங்காதாகையால் கூரையில் பனி தங்காமல் பார்த்துக்கொள்ளவும்.

யார் பார்த்துக்கொள்வது? சிந்தியாவுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

"நீங்கள்தானே அதைக் காப்பாத்தினது. போய்க் காப்பாத்துங்கோ."

அந்த மாரி முழுக்க, சனிக்கிழமைதோறும், மோகெஸ்ட்ரண்டின் மிக அழகான கிடைமட்டக் கோட்டின் மேல் ஒருவர் குனிந்து நின்று சவளால் பனி அள்ளிக்கொண்டிருந்தார். கீழே நின்று அனஸ்ரேசியா கையை நீட்டுவாள். "அத்தான், எட்டாம் அறைக்கு மேலை இன்னும் கிடக்கு! விளிம்பிலை கவனம், தள்ளி நில்லுங்கோ!" அடுத்த கோடைக்குப் பன்னிரண்டு அறைகளில் பத்துத் தப்பின. பிலேந்திரனின் இடுப்புத் தப்பவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மாதம், உங்கள் தெருவில் யாரோ தன் பழைய வீட்டை உடைக்கப் போவதாகக் கேள்விப்பட்டு, "ஐயையோ, எவ்வளவு வடிவான வீடு!" என்று நெஞ்சில் கைவைத்தவர் யார்? அந்த வீட்டுக்குள் ஒரு மழைநாளாவது நீங்கள் இருந்திருக்கிறீர்களா? பரவாயில்லை, வைத்த கையை எடுக்க வேண்டாம். மற்றக் கையால் ஒரு சவளைப் பிடித்துக்கொள்ளுங்கள், வருகிற சனிக்கிழமை வேறு வேலை ஏதும் வைத்துக்கொள்ளாதீர்கள்.