எல்லாருக்கும் ஒரே பட்டன்

"உன் லீவை ஓகே பண்ணலாம்னு பார்த்தா, பட்டன் வேலை செய்ய மாட்டேங்குதேப்பா," என்றார் மேனேஜர் போனில்.

பட்டன்காரருக்கு வியர்த்தது. மறுநாள் மச்சினன் கல்யாணம். வராவிட்டால் ஆபீஸிலேயே குடித்தனம் நடத்திக்கொள்ளலாம் என்று மனைவி ஏற்கெனவே பெரிய மனது பண்ணி அனுமதி கொடுத்திருந்தாள்.

கம்பெனியின் வெப் அப்ளிகேஷனில் லீவு, ஸ்டோர், ராஜினாமா என்று எத்தனை எக்ஸ்டென்ஷன் சேர்த்தாலும், அத்தனைக்கும் இவர் செய்து வைத்த பட்டன்தான். ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும் என்று மார்தட்டித்தான் அந்தப் பட்டப்பெயரையே சம்பாதித்திருந்தார்.

முதலில் பட்டனைப் பெரிதாக்கினார். மேனேஜருக்கு அப்போதும் வேலை செய்யவில்லை. ஸ்டோர் திரையிலோ பட்டனைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. சாமான் பெயரெல்லாம் எங்கே என்று கேட்டு ஸ்டோர்காரர் மாடியேறி வந்துவிட்டார்.

"ரெண்டு நிமிஷம் பொறுங்கண்ணே," என்று அவரை உட்காரவைத்துவிட்டு, பட்டனைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். கூடவே, அழுத்தவே வேண்டாம், மவுஸ் மேலே பட்டாலே போதும் என்று மாற்றினார்.

தலைவலி போய்த் திருகுவலி வந்தது. ஸ்டோரில் யாரோ மவுஸைத் துடைக்கப்போய் நாற்பது நாற்காலிக்கு ஆர்டர் போய்விட்டது. அக்கவுண்ட்ஸ்காரர் தெரியாமல் ராஜினாமா செய்துவிட்டு, பாவம், அங்கேயே உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பவும் அப்படியேதாம்பா இருக்கு," என்றார் மேனேஜர்.

பட்டன்காரர் துணிந்துவிட்டார். திரை திறந்ததும் பட்டன் தன்னைத்தானே அழுத்திக்கொள்ளட்டும் என்று எழுதினார். 'சம்மதம்' மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் 'மறுப்பு'ம் அதே பட்டன்தான் என்பது அவசரத்தில் மறந்துபோயிற்று. ஹெச்.ஆர். அக்கா லீவுத் திரையைத் திறந்தார். சம்மதத்தின் பின்னாலேயே மறுப்பும் அழுந்தி, ஆபீஸ் மொத்தத்துக்கும் லீவு மறுக்கப்பட்டது, இவருக்கும் சேர்த்து. மறுத்த லீவை மறுபடி கேட்கவும் முடியாது. அந்த விதியைச் சேர்த்த புண்ணியவானும் இவர்தான்.

அழாத குறையாக மேனேஜர் அறைக்கு ஓடினார். மேனேஜர் இன்னும் மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தார். ஃபைல் வைக்க வந்த டைப்பிஸ்ட் அம்மா கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"சார் காலையிலிருந்து அழுத்திட்டு இருக்கிறது வால்பேப்பரை. உங்க பட்டன் அழகா இருக்குன்னு படம் புடிச்சு, போன வாரம் நீங்கதானே தம்பி வெச்சுக் கொடுத்தீங்க?"