பிளாஸ்டிக் இல்லாத பெஞ்சு

தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கிடந்த இரும்புப் பெஞ்சு நடுவில் தொய்ந்துபோனது. நாகரிகம் முற்றிய ஊர் என்பதால் யாரும் சுத்தியலோடு ஓடி வரவில்லை. பொது இருக்கை நல வாரியம் ஆய்வுக்கு உத்தரவிட்டது.

ஆய்வு டாக்டர் தாரகாவிடம் வந்து சேர்ந்தது. உலோகம் எப்போது வளையும், வளைந்தால் திரும்புமா என்பதைக் கணினியில் கணக்கிட்டுச் சொல்வது அவள் தொழில். ஓர் ஆய்வுக்கழகத்தில் ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்ததால், மிகுந்த சிரத்தையோடு பெஞ்சைப் பார்க்கப் போனாள்.

அங்கே அஹமது கபீர் உட்கார்ந்திருந்தார். சிராங்கூன் சாலையில் துணிக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். காலையில் ஒரு டம்ளர் தே தாரிக் தேநீரோடு அந்தப் பெஞ்சில் அமர்வதுதான் அவருக்கு மிச்சமிருந்த உத்தியோகம். ஓரத்தில் உட்கார்ந்தாலும் நடுவுக்குச் சறுக்கிக்கொண்டு போகிறதாம். பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டு நடேசனும் மறுகோடியிலிருந்து சறுக்கி வந்து தோளில் இடிக்கிறாராம். போன மாதம் எழுந்திருக்கும்போது தடுமாறி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப்போட்ட கையைக் காட்டி, "நல்லதா ஒரு பெஞ்சு போடச் சொல்லுங்கம்மா. வேற ஒன்னும் வேணாம் லா," என்றார். சொல்வதாகத் தாரகா வாக்குக் கொடுத்தாள். அவளும் அதை நம்பித்தான் கொடுத்தாள்.

கணினிக்குள் பெஞ்சைப் பொடிப்பொடிக் கட்டங்களாக நறுக்கி, அதன்மேல் நாலு பேர் பாரத்தை ஏற்றினாள். திரையில் நடுப்பகுதி ஆபத்து என்று சிவந்தது. காரணம் எளிது. இரும்பை லேசாக வளைத்தால், விட்டதும் நேராகிவிடும். எல்லை மீறி வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். இந்த இரண்டாவது குணத்துக்கு ஆங்கிலத்தில் பிளாஸ்டிசிட்டி என்று பெயர். தகடு மெலிது, எல்லை தாண்டிவிட்டது, மாற்றுங்கள் என்று அறிக்கை அனுப்பினாள்.

உடனே கழகத்தின் பசுமைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அந்த ஆண்டைப் 'பிளாஸ்டிக் இல்லா ஆண்டு' என்று கழகம் பிரகடனம் செய்திருந்தது. பிரிவின் தலைவி ருக்கையா எல்லா அறிக்கைகளையும் அந்தச் சொல்லுக்காக மென்பொருள் வைத்துச் சலித்துப் பார்த்ததில், கேன்டீனில் இருந்ததைவிட அதிகமான பிளாஸ்டிக் தாரகாவின் அறிக்கையில் பிடிபட்டிருந்தது.

"இரும்பு பெஞ்சுதானே டாக்டர்? அதுல பிளாஸ்டிக் எப்படி வந்துச்சு?"

"இது அந்த பிளாஸ்டிக் இல்ல மேடம். இரும்போட குணம்."

"குணம்னா திருத்திக்கலாமே," என்றார் ருக்கையா கனிவாக.

அவரும் வெறுங்கையோடு வரவில்லை. இணையத்தில் தேடி வைத்திருந்தார். எலாஸ்டிசிட்டி என்று ஒன்று இருக்கிறதாமே, வளைந்துவிட்டுப் பழையபடி திரும்பி வருமாமே, அது மறுபயனீடு அல்லவா, அதைப் போட்டால் என்ன என்று கேட்டார்.

தாரகா இயக்குநர் பேரின்பநாயகத்திடம் ஓடினாள். இளமையில் பிளாஸ்டிசிட்டியிலேயே முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார்.

"விஞ்ஞானப்படி நீங்க சொல்றதுதான் சரி, தாரகா. ஆனா ஒப்பந்தம் புதுப்பிக்கிற கமிட்டியில ருக்கையாவும் இருக்காங்க."

அதற்குமேல் விஞ்ஞானத்துக்கு வேலை இருக்கவில்லை.

தாரகா பிளாஸ்டிசிட்டியை நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள். பாரம் இறங்கியதும் திரையில் பெஞ்சு விறைப்பாக நிமிர்ந்தது. முழுதும் ஆபத்தில்லாத நீல நிறம்; பார்க்க வெகு அழகு. கபீரின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. ஆனாலும் அறிக்கையை அனுப்பினாள்.

வாரியம் அதைக் கவனமாகப் படித்தது. ஆள் எழுந்ததும் பெஞ்சு நேராகும் என்கிறது கணினி. தேக்கா பெஞ்சோ நேராகவில்லை. ஆகவே, ஆட்கள் சரியாக எழவில்லை. மறுவாரம் பெஞ்சுக்குப் பக்கத்தில் நான்கு மொழிகளில் பலகை முளைத்தது: 'எழுந்தபின் பெஞ்சு நிமிர அவகாசம் தரவும்.'

புளோக்குவாசிகள் சட்டத்தை மதிப்பவர்கள். எழுந்தார்கள், பெஞ்சைச் சுற்றி நின்றார்கள், அவகாசம் தந்தார்கள். கபீரும் தே டம்ளரைப் பிடித்துக்கொண்டு கால் கடுக்க நின்றார். லேசாக அசைந்த மாதிரி இருக்கிறதே என்றார் நடேசன். ஆமாம் என்றார் கபீர். இருவரும் பல வருடங்களுக்குப் பிறகு பேசிக்கொண்டது அன்றுதான்.

அப்படியும் பெஞ்சு நிமிரவில்லை. பொதுமக்களுக்குத் திறன் போதவில்லை என்று முடிவுகட்டிய வாரியம், 'பொறுப்புடன் அமர்தல்: நிலை ஒன்று' என்ற பயிற்சி வகுப்பை அறிவித்தது. செயல்முறை விளக்கத்துக்காகப் பெஞ்சைப் பெயர்த்துச் சமூக மன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். தாரகாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. பயிற்றுநரும் அவளே.

முதல் வகுப்பன்று, மக்கள் கையில் கிடைத்ததை எறிவார்கள் என்ற பயத்தோடுதான் சமூக மன்றத்துக்குப் போனாள். வரிசை கட்டடத்தைச் சுற்றி நின்றது. வகுப்புக்கு வருபவர்களுக்குத் தரும் இலவசப் பையில் குடை இருப்பதாகப் பேச்சு. வரிசையின் தலையில், விடியுமுன்பே வந்துவிட்ட கபீர்.

தாரகாவுக்குத் தாங்கவில்லை. அவரைத் தனியே அழைத்து, தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பெஞ்சு இனி நிமிரவே நிமிராது, குறை தகட்டில்தான், உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை, நான்தான் மாற்றி எழுதினேன் என்றாள்.

கபீர் பொறுமையாகக் கேட்டார். தன் இடத்தை யாரும் பிடித்துவிடவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அது கிடக்கட்டும்மா. எதிர் புளோக்குக்கு மட்டும் நேரா நிலை இரண்டு வகுப்பாமே? சான்றிதழ்ல ஃபோட்டோ எல்லாம் போட்டுத் தராங்களாமே? நாங்க என்ன இளைச்சவங்களா?"

வரிசை முழுதும் அதை ஆமோதித்து உறுமியது. தாரகா அந்த மனக்குறையை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினாள். அவள் எழுதிய உண்மைகளில், ஒரு சொல்லும் மாறாமல் வாரியம் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.