பெண் பார்க்கப் போன பைலட் நாற்காலி

பெண் பார்க்கப் போகிறவர்கள் பஸ்ஸில் போவார்கள், வசதியிருந்தால் காரில் போவார்கள். நான் நாற்காலியில் போனேன். என்னை அதோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அவிழ்க்கத் தெரியாமல் நாலு பேர் அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். (சிரிக்காதீங்க, இன்னும் நெறைய கீது.)

தொண்ணூற்றொன்றாம் வருஷம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்னப் பட்டறையில் நான் சூப்பர்வைசர். (மூன்று தையல்காரர்களுக்கு மேலே ஒரு ஆள். டீ வாங்கி வருவதும் அந்த ஆள்தான்.) லாரிக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, விமானத்தில் பைலட்டை இருக்கையோடு சேர்த்துக் கட்டும் பட்டைகளைச் செய்து காட்டும்படி ஒரு வாய்ப்பு வந்தது. மாதிரிக்கு ஒரே ஒரு செட் தைத்தோம். அதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு டாக்டர், பைலட் இருக்கை ஒன்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பைலட்டுகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். உயரே போனால் உடம்பு என்ன பண்ணும், பயந்தால் கை என்ன பண்ணும் என்பதுதான் அவர் படிப்பு.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் நான் பென்னலூரில் பெண் பார்க்கப் போக வேண்டியது. ஞாயிறு கூடுதல் வேலை, ஓ.டி. என்று ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப் போட்டாயிற்று. "இந்தத் தடவ நாலரை ராகுகாலத்துக்கு முன்னாடி வந்து சேரலன்னா வேற எடம் பாத்துக்கறோம்" என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். பெண்ணின் பெயர் கோமளா. போட்டோ என் சட்டைப் பையில் இருந்தது. அந்தப் போட்டோவை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள், வெட்கமாக இருக்கிறது.

பட்டறையில் பைலட் உயரத்துக்கு இருந்த ஒரே ஆள் நான்தான். டாக்டர் என்னை உட்காரவைத்தார். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடை நடுவே ஒன்று. எல்லாப் பட்டையும் வயிற்றின் மேலே ஒரு வட்டமான பூட்டில் வந்து சேர்ந்தன. அதைத் திறப்பது எப்படி என்று அவர் பொறுமையாகச் செய்து காட்டினார். நான் தலையாட்டிக்கொண்டே, 'சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் ஓ.டி.யைச் சேர்த்துச் சொல்வதா, சேர்க்காமலா?' என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா பழகிப் பாருங்க தம்பி. நான் காஞ்சிபுரம் வரைக்கும் போயிட்டு சாயங்காலம் வரேன்" என்று டாக்டர் மறுபடி பூட்டிவிட்டுக் கிளம்பினார். முதலாளியும் கூடவே கிளம்பினார். "மாதிரியில ஒரு கீறல் வுழக் கூடாது. வுழுந்தா ஆர்டர் போச்சு" என்பது அவர் காரில் ஏறும்போது சொன்னது.

கார் போனதும் பூட்டை அழுத்தினேன். திறக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். குத்தினேன். மூன்று மணி ஆயிற்று. உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. பட்டையைத் தளர்த்தப் பார்த்தால், எங்களுடைய தையல் அப்படி, ஒரு நூல் அசையவில்லை.

தையல்காரர் ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். "இன்னாபா, கொஞ்சம் திருப்பிப் பாக்கலாமா?"

"கைய வெச்சீங்க, நான் மனுஷனா இருக்க மாட்டேன்! டாக்டர் அழுத்தினத என் ரெண்டு கண்ணால பாத்தேன். திருப்பினா ஒடஞ்சிடும்!"

"அப்போ பட்டைய வெட்டிடலாம்."

"ஆர்டர யாரு குடுப்பா, உங்க மாமனாரா?"

இந்த நேரத்தில் அப்பா பட்டு வேட்டியும் கையில் பழத்தட்டுமாக உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார்.

"இன்னாடா கோலம் இது?"

சொன்னேன். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்து, "நாக்காலியோட தூக்குங்கப்பா" என்றார்.

தார்ப்பாய் ஏற்றும் வேனின் பின்னால் என்னை ஏற்றி, கதவைத் திறந்தபடி விட்டார்கள்; நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனேன். பின்னால் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் கையாட்டினார்கள். பென்னலூரில் நாலு பேர் என்னைத் தூக்கி இறக்கியபோது தெருவே வந்துவிட்டது. ஒரு பெண்மணி "அய்யோ பாவம், சின்ன வயசு" என்று உச்சுக்கொட்டினாள்.

கூடத்தில் என்னை இறக்கி வைத்தார்கள். ராகுகாலத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு முகம் இறுகிவிட்டது.

"புள்ளைக்குக் கால் வராதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? மறைச்சீங்க பாருங்க, அதான் மனசுக்குக் கஷ்டமா கீது."

"கால் நல்லாதாங்க இருக்கு!" என்று கத்திக்கொண்டே இரண்டு காலையும் காற்றில் உதைத்துக் காட்டினேன். முன்வரிசையில் இருந்த பெண்ணின் சித்தப்பா ஒருவர் சட்டென்று விலகிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் சம்பந்தம் போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

கோமளா காபியோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவளுடைய அத்தை இடுப்பில் கிள்ளியும் நிற்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இனிமேல் போக மானம் பாக்கியில்லை என்றால் மனசு எவ்வளவு லேசாகிவிடுகிறது!

"இதுல எப்படி மாட்டுவாங்க, எப்படிக் கழட்டுவாங்க?" என்று அவள் கேட்டாள்.

"அது ஒண்ணுமில்லீங்க. அஞ்சு பட்டையையும் இதுல சொருகிடுவாங்க. கழட்டணும்னா இந்த வட்டத்த மொதல்ல இப்படித் திருப்பி, அப்புறமா அழுத்தி..."

டக் என்றது. ஐந்து பட்டையும் அவிழ்ந்து விழுந்தன. நான் எழுந்து நின்றேன். கதவோரம் நின்ற ஏகாம்பரம், "நான் அப்பவே சொன்னேன்ல!" என்றார்.

நாங்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டாக்டரும் முதலாளியும் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். முதலாளி நேராகப் போய்ப் பட்டையைத்தான் தடவிப் பார்த்தார். டாக்டர் சிரிக்கவில்லை. கை வியர்த்ததா, காதில் சத்தம் சரியாக விழுந்ததா, யாராவது திருப்பச் சொன்னார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பயந்த மனுஷன் ரெண்டு வேலைல ஒண்ண மறந்துடுவான் தம்பி. ஞாபகம் இருக்கற இன்னொண்ண இன்னும் பலமா செய்வான். பக்கத்துல இருக்கறவன் சரியாச் சொன்னாலும் கேக்க மாட்டான். பெரிய பெரிய பைலட்டும் இப்படித்தான். நீங்க ஒண்ணும் வெக்கப்பட வேணாம்" என்றார். பிறகு கோமளாவிடம் திரும்பி, "நீ என்னம்மா பண்ண?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல சார். எப்படின்னு கேட்டேன்."

"அதான்மா வைத்தியம்" என்றார்.

மனிதர் அன்றைக்கு என்னை முட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கல்யாணம் நின்றிருக்கும். சொல்லவில்லை. பெரிய பைலட்டுகளோடு சேர்த்துப் பேசினார். மாமனாருக்கு அது பிடித்துப்போயிற்று. எங்கே இருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும். ஆர்டரும் கிடைத்தது. அடுத்து வந்த பூட்டில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சிவப்பில் பெரிய அம்புக்குறி போட்டிருந்தது. "உன் அம்பு வந்துடுச்சுபா" என்று ஏகாம்பரம் பட்டறை முழுக்கத் தூக்கிக் காட்டினார்.

அதற்குப் பிறகு வீட்டில் நான் எதைத் தேடிக் கத்தினாலும், எந்தக் கதவோடு மல்லுக்கு நின்றாலும், "மொதல்ல திருப்புங்க" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும். பிள்ளைகளும் கற்றுக்கொண்டு விட்டார்கள்.

போன வருஷம் நெஞ்சு வலி என்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துப் பட்டை போட்டுக் கட்டியதும் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அதே வியர்வை. செத்துப்போய்விடுவேன் என்றே நினைத்தேன். கோமளா குனிந்து என் காதருகே வந்தாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

"இத எப்படிங்க கழட்டுவாங்க?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாடி பிடித்திருந்த நர்ஸ், "என்னம்மா சொன்னீங்க? படபடன்னு இருந்த பல்ஸ் நல்லா எறங்குதே!" என்றாள்.

(வலி வாயுவாம். அதற்கு முந்தின ராத்திரி தின்ற பஜ்ஜி.)