தாய்மாமனும் இரண்டு ஈக்வலைசரும்

பாட்டுக் கேட்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களை விட்டுவிடுங்கள், அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. இங்கே சொல்ல வந்தது பாட்டைச் சரிபண்ணுகிறவர்களைப் பற்றி. காரில் ஏறுவார்கள், பெல்ட் போடுவதற்கு முன்பே கை ஸ்டீரியோவுக்குப் போகும், பாடகர் வாயைத் திறப்பதற்குள் "பேஸ் தூக்கலா இருக்கு" என்று நிறுத்தி, திருகி, மறுபடி முதலிலிருந்து போட்டு, "இப்ப ட்ரெபிள் குத்துது" என்று மறுபடியும் நிறுத்துவார்கள். இவர்கள் வண்டியில் பல்லவியைத் தாண்டிப் போனவர் யாராவது உண்டா? கிடையாது.

பாபநாசத்துப் பக்கம் நாகநாதன் இந்த இனத்தில் சொக்கத் தங்கம். ஆற்றுப் பாசன நிலம், பழைய கார், பின்சீட்டில் நிரந்தரமாக ஒரு யூரியா மூட்டை. ஸ்டீரியோவுக்குள்ளேயே கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த, பேஸையும் ட்ரெபிளையும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் போதுமா, தனியாக ஒரு பெட்டி வாங்கி வெளியே மாட்டுவதா என்பதுதான் அவருடைய வாழ்க்கைப் பிரச்சினை. மேட்டூரைத் திறப்பார்களா மாட்டார்களா என்று ஊரே கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோதும் அவருடைய கவலை இதுவாகவே இருந்தது. உள்ளே இருப்பதில் ராக், பாப், ஜாஸ் என்று பட்டன்கள். மூன்றையும் அந்த வட்டாரத்தில் யாரும் கேட்டதில்லை.

தஞ்சாவூரில் கார் சாமான் கடை வைத்திருக்கும் ஹாஜா மைதீனிடம் போவார்.

"பாய், உள்ள இருக்கறதே போதும்னு தோணுது."

"போதும்ணே."

"இல்ல, வெளிய தனியா வச்சாத்தான் தெளிவு வரும்."

"வரும்ணே."

ஹாஜா மைதீன் வியாபாரி, வாடிக்கையாளரை மறுத்துப் பேசும் வழக்கம் அவரிடம் இல்லை. பெட்டி வந்தது. மாட்டிய மறுநாளே, ஒயர் கூடினால் இரைச்சல் கூடும் என்று எவரோ சொன்னதில் கழற்றப்பட்டது. கழற்றிய பிறகு சத்தம் சப்பென்று இருந்ததால் திரும்பவும் ஏறியது. கடைசியில் இரண்டும் ஒன்றாகவே ஓடின. உள்ளே இருப்பது பேஸைக் கூட்டும், வெளியே இருப்பது அதைக் குறைக்கும். இடையில் நாகநாதன் நிம்மதியில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

அவருடைய தங்கை குந்தவையின் பெண் குழந்தைக்கு ஒரத்தநாட்டுப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள், உங்களுக்குத் தெரியாததா? பாசக்கார அண்ணன்தான். சீர்த்தட்டுகளோடு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார்.

"காது குத்துற பத்தர் வந்துட்டாருண்ணே. கூப்பிட்டதும் வந்துருங்க" என்றாள் குந்தவை.

"இதோ வர்றேம்மா."

ஆனால் பத்தரோடு நாதஸ்வரக்காரர்களும் வந்திருந்தார்களே. அசல் நாதஸ்வரம் பக்கத்திலேயே கேட்கும்போது, அதே பாட்டின் ரெக்கார்டைக் காரிலும் போட்டு ஒத்துப் பார்த்தால் உள்ளேயா வெளியேயா என்ற வழக்கு இன்றைக்கே தீர்ந்துவிடாதா? நாகநாதன் மெல்ல நழுவி மரத்தடியில் நின்ற காருக்குள் போய் உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கி அசலைக் கேட்டார். ஏற்றிவிட்டு நகலைக் கேட்டார். பிறகு பாதி இறக்கி இரண்டையும் கலந்து கேட்டார்.

மனைவி மேகலா வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"அங்க உங்களத் தேடுறாங்க."

"ரெண்டே நிமிஷம். வந்துட்டேன்னு சொல்லு."

கெட்டிமேளம் முழங்கியது. தவில் இவ்வளவு தெளிவாக அவர் காருக்குள் என்றுமே விழுந்ததில்லை. பெட்டி வாங்கியது வீண்போகவில்லை என்று மனம் குளிர்ந்தது. ஒன்றுதான் இடித்தது. மேல்ஸ்தாயியில் ஏதோ வீல் என்று கத்தியது. ட்ரெபிளைக் குறைத்தார். கத்தல் அடங்கவில்லை. இன்னும் குறைத்தார். அப்புறம் தானாகவே அடங்கியது.

"இப்பத்தான் சரியா வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே, தீர்ப்பை யாரிடமாவது அறிவிக்க இறங்கி நடந்தார்.

பந்தலில் அவருடைய சித்தப்பா மகன் பிரபுவின் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. இரண்டு காதிலும் கம்மல், கன்னமெல்லாம் கண்ணீர், வாயில் சர்க்கரை. அந்த மடி தன்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்பது நாகநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் வாய் பழக்கதோஷத்தில் வேறு பேசியது.

"இங்கதாம்மா இருந்தேன். எல்லாம் நல்லாக் கேட்டுச்சு."

குந்தவை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் கன்னத்தைத் துடைத்தபடி நிதானமாகச் சொன்னாள்.

"நல்ல நேரம் தாண்டிரும்னாங்கண்ணே, பிரபு அண்ணன உக்கார வச்சுட்டோம். பரவால்ல, இவ பெரியவளாகி சடங்கு சுத்துறப்ப வாங்க. அதுக்குள்ள உள்ளயா வெளியயான்னு முடிவு பண்ணிருவீங்கல்ல?"

நாகநாதனைப் பார்த்துச் சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள், நீங்கள் அவரைப் போலவா என்ன? ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டுக்குள்ளிருந்து யாரோ உங்களை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். "இதோ வர்றேன்" என்று நீங்களும் சொன்னீர்கள்.