பிரபாகரின் பதினொரு வல்லமைகள்

உலகப் போர்களின் வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பெரும் பிழை செய்துவிட்டார்கள். அடித்தவனைப் பற்றி எழுதினார்கள். அடி வாங்கியவனைப் பற்றியும் எழுதினார்கள். அடிப்பதற்குத் தயாராகிக்கொண்டே இருந்தவனைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்துவைக்கவே தருமபுரி மாவட்டம் கடத்தூரில் பிரபாகர் அவதரித்தார்.

வயது முப்பத்தொன்று. அதியமான்கோட்டை பக்கத்தில் லாரி புக்கிங் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர். இந்தியில் மூன்று பரீட்சை. யோகா ஆசிரியர் பட்டயம். கடைசியாக, ட்ரோன் ஓட்டுவதற்கு ஆறு நாள் பயிற்சி. ஓட்ட ட்ரோன் இல்லை என்பது வேறு விஷயம். சான்றிதழ் லேமினேட் செய்யப்பட்டு பத்திரமாக இருக்கிறது.

இத்தனை தகுதியுள்ள ஒருவரைத் தலைவராக அடைந்தது ‘கடத்தூர் வட்டாரக் கற்பனைப் போர்க் கழகம்’ செய்த பாக்கியம். கழகத்தின் மொத்த உறுப்பினர்கள் நான்கு பேர். ஞாயிறுதோறும் மாயவன் உரக்கடையின் மாடியில் கூடுவார்கள். மேசை மேல் ஆடும் ஆட்டம்தான். காகிதம், பென்சில், இருபது முகம் கொண்ட ஒரு பகடை. ஒருவர் கதை சொல்வார்: குகை வருகிறது, உள்ளே பூதம் நிற்கிறது. மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகிப் பகடை உருட்டி அந்தப் பூதத்தோடு சண்டை போடுவார்கள்.

கதை சொல்பவர் ஜேக்கப். அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடுவார். விதிகளை அவர் வாயால் சொல்வதில்லை, சுற்றறிக்கையாக வெளியிடுவார். அவற்றில் தலையாயது இதுதான்: ஒரு சுற்றில் ஒருவருக்கு ஒரே ஒரு டர்ன். ஒரு டர்னில் ஒரே ஒரு காரியம். எதிரியை அடிக்கலாம். அல்லது, தன் வீரனுக்குள்ள விசேஷ வல்லமைகளில் ஒன்றை எழுப்பலாம். இரண்டும் சேர்த்துச் செய்ய முடியாது.

வெளியூர்களில் யாருக்கு முதல் டர்ன் என்பதைப் பகடை போட்டு முடிவு செய்கிறார்களாம். கடத்தூரில் அந்த அநாகரிகம் கிடையாது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்கு என்ன ஒழுங்கோ அதே ஒழுங்குதான். தலைவருக்கு முதல் டர்ன். அடுத்து செயலாளர் நவநீதன். கடைசியில் சாதாரண உறுப்பினர்.

அந்தச் சாதாரண உறுப்பினர்தான் கலைமதி. உரக்கடை மாயவனின் மகள். கடைவீதி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. “வலிக்குமா?” என்று ஆள் கேட்டு முடிப்பதற்குள் ரத்தம் எடுத்துப் பஞ்சும் வைத்துவிடுவாள். ஆட்டத்தில் அவளுடைய வீராங்கனைக்கு ஒரு சம்மட்டி உண்டு. விசேஷ வல்லமை ஒன்றுகூடக் கிடையாது. “என்னத்துக்கு? அடிச்சா போதாதா?” என்பாள். பதினொரு வல்லமைகளை எட்டு மாதம் உழைத்துச் சேர்த்த தலைவருக்கு அவள் மேல் இருந்த ஒரே வருத்தம் இந்தத் திட்டமின்மைதான்.

அவள் மேல் வேறு சில உணர்வுகளும் அவருக்கு இருந்தன. நான்கு வருடமாக இருந்தன. அவளுக்கும்தான்.

அன்று ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து போன்.

“பிரபா, புதங்கிழமை பொம்மிடியில இருந்து பொண்ணு பாக்க வராங்க.”

“அப்படியா? எத்தனை பேரு?”

“ஏன், பந்தி போடப் போறியா? இன்னிக்கி எங்கப்பாகிட்ட பேசிடு. கிருஷ்ணகிரி மாப்பிள்ளைய வேணாம்னதுக்கு எங்கம்மா பத்து நாளு என்கூட பேசல. அரூர் மாப்பிள்ளைய வேணாம்னப்ப வேலைக்குப் போகக் கூடாதுன்னாங்க. இதையும் வேணாம்னா என்னான்னு காரணம் சொல்லணும். அந்தக் காரணம் வாயத் தொறக்கணும்.”

“பேசறன் கலை. கண்டிப்பா பேசறன். ஒரு சம்பள உயர்வு மட்டும்...”

“ஆடி முடிச்சதும் மாடியில இருந்து கீழ எறங்கி பேசற. அவ்வளவுதான். இன்னிக்கி வுட்டா இல்ல.”

போனை வைத்துவிட்டாள்.

காதலியின் தந்தையிடம் பேசுவது ஒரு பெரும் போர். பெரும் போருக்கு வெறுங்கையோடு போகும் முட்டாள் அல்ல பிரபாகர். அன்று புதுச் சட்டை போட்டார். இரண்டு பேருடைய ஜாதகத்தையும் போனில் ஏற்றி நான்காவது முறையாகப் பொருத்தம் பார்த்தார். ‘முதல் சந்திப்பில் நம்பிக்கை பெறுவது எப்படி’ என்று நாற்பது நிமிட வீடியோ ஒன்றையும் முழுதாகப் பார்த்து முடித்தார். மாயவனை அவர் எட்டு வருடமாக வாரம் தவறாமல் சந்தித்துவருவது வீடியோ எடுத்தவருக்குத் தெரிய நியாயமில்லை.

மாடியில் ஆட்டம் பதினொரு மணிக்குத் தொடங்கியது.

“குகை வாசல்ல மலைவிழுங்கிப் பூதம் நிக்குது,” என்றார் ஜேக்கப். “உயிர் அறுபது. கையில ஒரு பனைமரம். வல்லமை ஒண்ணுமில்ல, அடிக்கும். பக்கத்துல யாரு நிக்கறாங்களோ அவங்கள அடிக்கும். தலைவரே, உங்க டர்ன்.”

பிரபாகர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

“முதற்கண், ‘வஜ்ரத்தோல்’ என்ற வல்லமையை எழுப்ப அவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.”

“வழிமொழிகிறேன்,” என்றார் நவநீதன். தீர்மான நோட்டைப் பிரித்து எழுதத் தொடங்கினார்.

“நவநீதா, உன் டர்ன். அம்பு வுடறியா?”

“இருங்க சார், எழுதிக்கிட்டிருக்கேன்.”

“எழுதறதும் ஒரு காரியம். டர்ன் முடிஞ்சிது. கலைமதி?”

“அடிக்கிறேன்.” பகடை உருண்டது. பூதத்துக்கு ஏழு போயிற்று.

பூதம் பனைமரத்தைச் சுழற்றியது. பக்கத்தில் நின்றவள் கலைமதி மட்டும்தான். நாற்பது உயிரில் ஐந்து போயிற்று.

இரண்டாம் சுற்றில் தலைவர் ‘கழுகுப் பார்வை’ எழுப்பினார். பூதத்தைத் தெளிவாகப் பார்த்தார். மூன்றாம் சுற்றில் ‘முன்னோர் ஆசி’. நான்காம் சுற்றில் ‘பகைவரின் பலவீனம் அறிதல்’. பூதத்துக்கு இடது முழங்கால் பலவீனம் என்ற அரிய உண்மை தெரியவந்து தீர்மான நோட்டில் ஏறியது. அந்த முழங்காலில்தான் கலைமதி மூன்று சுற்றாக அடித்துக்கொண்டிருந்தாள்.

“பிரபா, எனக்கு இருவதுதான் இருக்கு. ஒரு அடி அடியேன்.”

“கலை, வெறும் வாளால இப்ப அடிச்சா ஆறு போவும். ‘சுடர் ஏற்றல்’, ‘புயல்நடை’, ‘மும்மடங்கு’ எல்லாம் ஏத்திட்டு அடிச்சா ஒரே அடியில அறுபது. கணக்கு போட்டுப் பாரு.”

“அதுக்குள்ள நான் செத்துருவேன். அதையும் கணக்குல போடு.”

“அவசரப்படற பாரு. அவசரத்துல அடிக்கிற அடிக்கு மதிப்பே இல்ல.”

மதிப்பில்லாத அந்த அடிகள் ஒன்பதாம் சுற்றில் பூதத்தின் உயிரை நான்காகக் குறைத்திருந்தன. அதே சுற்றில் பனைமரம் கடைசியாக ஒருமுறை இறங்கியது. கலைமதி தன் காகிதத்தைத் திருப்பி வைத்தாள்.

“செத்துட்டேன்.”

“வீரமரணத்துக்கு இரங்கல் தெரிவித்து ஒரு தீர்மானம்...” என்று நவநீதன் பேனாவைத் திறந்தார். அதற்கும் ஒரு டர்ன் போயிற்று.

பத்தாம் சுற்றில் தலைவர் பத்தாவது வல்லமையை எழுப்பினார். பதினொன்றாம் சுற்று வந்தது.

“தலைவரே,” ஜேக்கப் சுற்றறிக்கைகளைப் புரட்டினார். “வஜ்ரத்தோலுக்கு ஆயுசு பத்து சுற்றுதான். அது இப்ப கழண்டுபோச்சு. ஆனா பூதத்துக்கு நாலுதான் பாக்கி. குழந்தை கல்லால அடிச்சாக்கூட வுழுந்துரும். அடிங்க.”

பிரபாகர் நெடுநேரம் யோசித்தார். சிறியவர்கள் நான்கு என்ற எண்ணைப் பார்த்து மயங்குவார்கள். அவர் மயங்கவில்லை.

“வஜ்ரத்தோலைப் புதுப்பிக்கிறேன்.”

ஜேக்கப் பகடையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “டீ குடிச்சிட்டு வரலாம்.”

கலைமதி எழுந்து வந்து பிரபாகர் முன் நின்றாள். “எனக்கு இங்க வேலை முடிஞ்சிது. நீ கீழ போ. எங்கப்பா தனியாத்தான் இருக்காரு. காலையில மழை பேஞ்சு நல்ல வியாபாரம், சந்தோஷமா இருக்காரு. போ.”

மொத்தம் பதினெட்டுப் படிகள். ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நின்று மூச்சை நான்கு எண்ணி இழுத்து நான்கு எண்ணி விட்டபடி இறங்கினார் பிரபாகர். யோகா பட்டயம் வீண்போகவில்லை.

மாயவன் கல்லாவில் உட்கார்ந்து தர்பூசணித் துண்டு தின்றுகொண்டிருந்தார். “வா தம்பி. ஆட்டம் முடிஞ்சிதா? வுழுந்துதா பூதம்?”

பிரபாகர் மரியாதை என்னும் முதல் வல்லமையை எழுப்பினார்.

“வணக்கம்ணா.”

எட்டு வருடமாக ‘ஏங்க’ என்றும் ‘இல்லீங்க’ என்றும் எந்த உறவும் சொல்லாமல் பக்குவமாகக் காப்பாற்றிவந்த வாயிலிருந்து, அந்த முக்கியமான நாளில், அண்ணா வந்து விழுந்தது. கூப்பிட வேண்டிய சொல் மாமா. அது அடுத்த வல்லமை. அதற்குள் இது முந்திக்கொண்டது.

“மழை பரவால்லைங்களாண்ணா?”

“நல்ல மழை. ராகிக்காரனுங்க எல்லாம் வந்துட்டுப் போயிட்டானுங்க.”

“மரவள்ளி எப்படிண்ணா?”

“அதுவும் பரவால்ல.” மாயவன் விதைகளைத் துப்பினார். “உனக்கு எதுனா வேணுமா?”

நேராக விஷயத்துக்குப் போவது நாகரிகமா? வாடிக்கையாளர் என்ற பலத்தோடு பேசினால் பேச்சு எடுபடும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். பிரபாகர் சுற்றிலும் பார்த்தார்.

“ஒரு மூட்டை யூரியா குடுங்கண்ணா.”

“உங்களுக்குத்தான் நெலமே இல்லையே? எங்க போடப் போற?”

“மாடித் தோட்டம்ணா.”

“நாப்பத்தஞ்சு கிலோவா? செடிக்குப் போடறியா, செடிய பொதைக்கிறியா?” என்றபடி மாயவன் மூட்டையை உருட்டித் தள்ளினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காரு. உன்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தன். புதங்கிழமை பொம்மிடியில இருந்து வராங்க, கலைய பொண்ணு பாக்க. தெரியுமில்ல?”

“தெரியும்ணா.”

“எனக்கு அதுல அவ்வளவு மனசில்ல. அந்தப் பையன் மஸ்கட்டுல இருக்கான். ஒரே பொண்ணு. கண்ணுக்கெதிர்ல இருந்தா தேவலைன்னு தோணுது. உள்ளூர்ல, படிச்சவனா, கெட்ட பழக்கம் இல்லாதவனா ஒரு பையன் இருந்தா நான் ஜாதகம்கூட கேக்க மாட்டன். இப்பவே சரின்னுருவன்.” மாயவன் பிரபாகரின் முகத்தையே பார்த்தார். “உனக்குத் தெரிஞ்சு யாராச்சும் இருக்கானா தம்பி?”

வரலாறு ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பூதத்துக்கு உயிர் நான்குகூட இல்லை, ஒன்றுதான். அதுவும் தானாகவே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. இளைத்த எதிரியை எடுத்த எடுப்பில் அடிப்பதா? சம்பள உயர்வு இன்னும் வரவில்லை. சித்தப்பாவை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லவில்லை. ‘நானே’ என்று சொல்ல இது சமயமல்ல. தளம் அமைக்க வேண்டிய சமயம்.

“நல்ல பையனா நான் விசாரிக்கிறன்ணா,” என்றார் பிரபாகர். “என் பொறுப்பு.”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கலைமதி கடைசிப் படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்பதை அவள் முகமே சொன்னது.

“பேசிட்டியா?”

“ஆரம்பிச்சுட்டன் கலை. மழை, மரவள்ளி எல்லாம் நல்லபடியா போச்சு. இன்னும் ரெண்டே ரெண்டு...”

“எங்கப்பா உனக்கு அண்ணன்னா, நான் உனக்கு என்ன வேணும்?”

பிரபாகர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். விடை வந்ததும் யூரியா மூட்டையைப் பிடித்துக்கொண்டார்.

கலைமதி கல்லாவுக்குப் போனாள். அப்பாவின் தோளில் கை வைத்தாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

“அப்பா, புதங்கிழமை அவங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க. உள்ளூர் மாப்பிள்ளையும் வேணாம்.”

“என்னாம்மா சொல்ற? உள்ளூர்ல யாரும்மா மாப்பிள்ளை?”

“நாலு வருசமா ஒருத்தருக்காகத்தான் வர்ற மாப்பிள்ளைய எல்லாம் வேணாம்னு சொல்லி அம்மாகிட்ட திட்டு வாங்கினேன். இதோ, மூட்டைய கட்டிப்புடிச்சிக்கினு நிக்கறாரே, உங்க தம்பி. அவருதான். இனிமே இல்ல.”

மாயவன் மகளைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். தர்பூசணித் துண்டைக் கீழே வைத்தார். பிரபாகர் பக்கம் திரும்பி அவர் வாயைத் திறப்பதற்குள் பிரபாகர் பதினெட்டுப் படிகளையும் ஏறியிருந்தார். அன்றைக்கு அவர் ஒரே மூச்சில் செய்த காரியம் அது ஒன்றுதான்.

சாதாரண மனிதன் என்றால் அழுதிருப்பான். அல்லது திரும்ப ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டிருப்பான். தலைவர் அப்படி நிதானம் இழக்கவில்லை. மேசை முன் அமர்ந்து, முழுத்தாள் ஒன்றை எடுத்து, மார்ஜின் மடித்து, ஹையர் டைப்ரைட்டிங் தேறிய கைக்கே உரிய நேர்த்தியோடு எழுதினார். ‘பொருள்: உறுப்பினர் கலைமதி தம் டர்ன் வராமலே குறுக்கே ஆடியது. நடவடிக்கை கோருதல்.’ ‘பார்வை’ என்ற இடத்தில் இரண்டு சுற்றறிக்கைகளைச் சுட்டினார். உள்ளடக்கத்தில், தாம் வல்லமைகளை முறைப்படி எழுப்பிக்கொண்டிருந்தபோது, முன்னறிவிப்பின்றி ஒரே வாக்கியத்தில் எல்லாம் முடிக்கப்பட்டதை வேதனையோடு பதிவு செய்தார். மேற்படி நிகழ்வைச் செல்லாது என அறிவித்து, படியிறங்கும் கட்டத்திலிருந்து ஆட்டத்தை மறுபடி நடத்தித் தருமாறு பணிந்து வேண்டினார்.

நவநீதன் வழக்கம்போல் வழிமொழியப் பேனாவைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிவைத்துவிட்டார்.

ஜேக்கப் டீயை வைத்துவிட்டு மனுவை இரண்டு முறை படித்தார். பெறுநர் முகவரி சரி. தேதி சரி. கையொப்பம் சரி. அலுவலக வாழ்க்கையில் இவ்வளவு குறையில்லாத மனுவை அவர் பார்த்ததே இல்லை. ஆட்டத்தை நடத்துபவர் என்ற முறையில் தீர்ப்புச் சொன்னார்.

“குறுக்க யாரும் ஆடலப்பா. டர்ன் உன்னுதுதான். நாலு வருசமா உன்னுதேதான். அடி மட்டுந்தான் அவளுக்கு வுழுந்துது.”