முருகன் உறைக்குள் ஐந்து பேர்

என் முதல் கல்யாணப் பேச்சைக் குழப்பியவன் கோபால். வேறு யாரும் இல்லை. நாற்பது வருடத்துக்கு மேலாக, ஒலிவாங்கி கிடைக்கிற விழாவில் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லி, பிழை முழுக்க என்னுடையது என்று முடிக்கிறான். சனமும் கைதட்டுகிறது. ஆகவே நடந்ததை நானே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பனிநாட்டில், ரெக்ஸ்டேல் என்ற புறநகரில், ஓர் அடுக்குமாடி வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தோம். நான் யாழ்ப்பாணம், விமான நிலையத்தில் சரக்கு இறக்கும் வேலை. அவன் திருச்சி, எஞ்சினியர். அவனுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க மட்டும் தெரியும். சைவம் என்று வந்து இறங்கியவன், முதல் பனி கொட்டுவதற்குள் என் மீன்குழம்பில் சோறு பிசையத் தொடங்கிவிட்டான்.

எனக்கு அப்போது ஒரு பைத்தியம். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. ஒருவன் பெண்குரலில் உச்சிக்கு ஏறுவான். இன்னொருவன் கிணற்றுக்குள் நின்று கதைப்பது போல அடியில் நிற்பான். அவர்களுடைய ஆரம்ப கால இசைத்தட்டுகள் அத்தனையும் என்னிடம் இருந்தன. ஆரம்ப காலம் என்பதைக் கவனிக்கவும். பிறகு வந்தவற்றில் வயலினைக் கொட்டி நிரப்பிவிட்டார்கள். (சும்மா தந்தாலும் எனக்கு வேண்டாம்.)

ஊரில் இருந்து எனக்கு ஒரு பெண் பேசி வந்தது. பெண்ணின் தாய்மாமன் பக்கத்து ஊரான மிசிசாகாவில் இருந்தார். செல்லத்துரை அங்கிள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மனைவியோடு வந்து என்னைப் பார்ப்பார் என்று தகவல். என்னைப் பார்ப்பது என்றால் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பது. எங்கள் ஆட்கள் அந்த நாளில் மாப்பிள்ளையை அப்படித்தான் பார்த்தார்கள். படம் பார்த்தேன், பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. ஆகவே பீரும் மீனும் கீழ்வீட்டுக்காரனிடம் போயின.

இசைத்தட்டுகளை என்ன செய்வது? உறைகளில் ஐந்து பேரும் செம்மஞ்சள் கோட்டுப் போட்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள்.

“இதைப் பாத்தா உங்களை ஆட்டக்காரன்னு முடிவு பண்ணிடுவாங்க” என்றான் கோபால்.

“அப்ப இதையும் கீழ்வீட்டில குடுப்பம்.”

“அவன் பீரைத் திருப்பித் தருவான். இதைத் தரமாட்டான்.”

“மெத்தைக்குக் கீழ வைப்பம்.”

“தட்டு வளைஞ்சிடும். எங்க அம்மா குடுத்த முருகன் பாட்டு ரெக்கார்டு ஒரு அடுக்கு இருக்கில்ல, அந்த உறைகளுக்குள்ள உங்களுதைப் போட்டுடலாம். அம்மாவோடது மெத்தைக்கு அடியில போகட்டும்.”

பெற்ற தாய் கொடுத்த பக்திப்பாட்டு வளைந்தால் பரவாயில்லையாம். நான் அதையும் நல்ல யோசனை என்றேன். அந்த வயதில் என் மூளை வாரத்தில் ஒரு நாள்தான் வேலைக்கு வரும்.

அங்கிள் வந்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு கோவா (கோபாலுக்கு முட்டைக்கோஸ்), தயிர். திருப்தி. அலுமாரியைத் திறந்தார். திருப்தி. பிறகு இசைத்தட்டு அடுக்குக்கு முன்னால் நின்றார்.

“தம்பி, உவ்வளவும் முருகன் பாட்டோ?”

“ஓம் அங்கிள்.”

“வெள்ளிக்கிழமை. ஒண்டைப் போடுமன், கேப்பம்.”

“ஊசி பழுது அங்கிள்.”

கோபால் எழுந்தான். “நேத்துதான் புது ஊசி மாத்தினோம் அங்கிள்” என்றான். உறையில் இருந்து தட்டை எடுத்து, துடைத்து, போட்டு, ஊசியையும் வைத்தான். நான் சோபாவில் இருந்தேன். என் கையில் தேத்தண்ணி. இதற்கு அங்கிளின் மனைவி சாட்சி.

அடிக்குரல்காரன் முதலில் நீளமாக முனகினான். அன்ரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினா. பிறகு ஐந்து பேரும் சேர்ந்து ‘பேபி, பேபி’ என்றார்கள்.

“மேற்கிந்தியத் தீவுத் தமிழர்கள் பாடினது அங்கிள்” என்றான் கோபால். “அங்க முருக பக்தி ஜாஸ்தி.”

“பாலமுருகனைப் பாடுறாங்கள் போல” என்றா அன்ரி. கூப்பின கையை எடுக்கவில்லை. கால் மட்டும் தாளம் போட்டது.

அங்கிள் வெற்று உறையை மடியில் வைத்து, கண்ணை மூடி, பாட்டு முடியும்வரை கேட்டார். நான் மனதுக்குள் தாலியே கட்டிவிட்டேன். அவர் கண்ணைத் திறந்தார்.

“உது அவங்கட முதல் தட்டெல்லே?”

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

“என்னட்டை இரண்டாவதுதான் கிடக்கு. முதலாவதை ஊரெல்லாம் தேடினனான். பிறகு வந்ததெல்லாம் வெறும் வயலின்.”

“அதைத்தான் நானும் சொல்லுறனான் அங்கிள்” என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அவர் முருகன் உறையை மடியில் இருந்து எடுத்து மெதுவாக மேசையில் வைத்தார்.

“உதை உதின்ரை உறையில வைச்சிருந்தால், தம்பி, இப்பவே ஓம் எண்டிருப்பன். பீர் குடியும், ஆரு வேண்டாமெண்டது? சாமியின்ரை உறைக்குள்ள பாட்டை ஒளிக்கிறவர் நாளைக்குச் சம்பளத்தையும் ஒளிப்பீர். வாரும் அப்பா, போவம்” என்று மனைவியைக் கூப்பிட்டார்.

“பொடியன் நல்ல பொடியன் மாதிரித்தான்...” என்று அன்ரி இழுத்தா.

“நீர் செருப்பைப் போடும்.”

அந்தப் பெண் பிறகு லண்டனுக்குக் கல்யாணம் செய்து போனா.

எனக்கும் பிறகு ஒரு கல்யாணம் நடந்தது, குறையில்லை. ஆனால் கோபாலின் வாயால் கதை என் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் பிறந்தநாளுக்குச் சேலை வாங்கி வந்தாலும் மனைவி பெட்டியைக் காதடியில் வைத்துக் குலுக்கி, “உள்ளுக்கை ஆர் பாடுறது?” என்பா. மகள் கேட்டாள், மருமகன் கேட்டான், இப்போது பேரனும் கேட்கிறான்.

போகட்டும். எனக்கு ஒரு கணக்கு மட்டும் தீரவில்லை. தட்டுகளை மாற்றிப் போட்டவன் நீ, கோபால். எந்த உறைக்குள் எது என்று தெரிந்தவன் நீ. அவர்கள் போன கையோடு கீழ்வீட்டுக்கு ஓடி மீனை வாங்கி வந்து, “குழம்பு வெச்சிடலாமா?” என்று கேட்டவனும் நீ. நான் கல்யாணம் செய்தால் உனக்கு யார் சமைப்பது?

கோபால், வருகிற பொங்கல் விழாவில் ஒலிவாங்கி உன் கைக்கு வரும். உன்னிடம் இருந்து அதைப் பறிக்க இந்த ஊரில் ஆள் இல்லை. அத்தனை சனத்துக்கு முன்னால் பதில் சொல். அந்த ஊசியை மறந்து வைத்தாயா, என் மீன்குழம்புக்காக வைத்தாயா?