ஐந்து கட்டையில் ஓர் ஆம்ப்ளிஃபயர்

மாமனாரைக் கவர நினைக்கும் மருமகன்களுக்கு ஒரு வார்த்தை. வேட்டி கட்டுங்கள், பழம் வாங்கிப் போங்கள், கோயிலுக்குக் கூப்பிட்டால் செருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாலிடரிங் மட்டும் வேண்டாம். நான் செய்து பார்த்துவிட்டேன்.

எங்களுக்கு தி.நகரில் துணிக்கடை, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் குடும்பத்தில் சங்கீதம் என்பது கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் காதில் விழுகிற ஒன்று. (பந்தி ஆரம்பித்துவிட்டால் அதுவும் விழாது.) நான் காதலித்துக் கட்டிக்கொண்டதோ மயிலாப்பூர் வைதேகியை. அவர்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட அது என்ன ஸ்வரம் என்று விவாதம் நடக்கும். மாமனார் கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார். அதோடு சரி. நாலு தெரு தள்ளி மந்தைவெளியில் இருந்த எங்கள் ஃப்ளாட் பக்கம் அவர் எட்டிப் பார்க்கவே இல்லை.

அவரிடம் ஒரு பொக்கிஷம் இருந்தது. அவருடைய அக்கா அலமேலு, அதாவது வைதேகியின் அத்தை, இளவயதில் பாடிக் கொடுத்த ஒரே ஒரு சின்ன இசைத்தட்டு. அதைப் போட வீட்டில் பிளேயர் இல்லை. பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே அது உறங்கிக்கொண்டிருப்பதாக வைதேகி சொன்னாள். உடனே எனக்குள் படம் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் தட்டைப் பாட வைக்கிறேன். மாமனார் கண் கலங்குகிறார். நான் தலையைக் குனிந்து, "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா" என்கிறேன்.

ஒரு சாதாரண பிளேயர் வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எனக்குத் தினகர் என்றொரு நண்பன் இருந்தான். ஒரே ஆபீஸ்; சைதாப்பேட்டைக்காரன்; இணையத்தில் ஆடியோ சண்டைகளைப் படித்துப் படித்தே ஞானம் பெற்றவன்.

"மச்சி, டிஜிட்டல்ல சத்தம் கீது, உயிரு இல்ல. வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டு. அதான் சூடான சவுண்டு."

சத்தம் எப்படிச் சூடாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குக் காது போதாது என்று முடிவு கட்டிவிடுவான்.

பாகங்களாக வந்த ஆம்ப்ளிஃபயரைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, வாரக்கணக்கில் நானே பற்றவைத்தேன். மேஜையில் தீய்ந்த வட்டங்கள் விழுந்தன. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடைசியில் வால்வுகள் என்ற கண்ணாடிக் குமிழ்கள் நாலும் அகல் விளக்குபோல எரிந்தன. ஒரு பிளேயரும் ஸ்பீக்கரும் பழைய தட்டுகள் சிலவும் வாங்கிப் போட்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டப் பழகிக்கொண்டேன். மிட்ரேஞ்ச், சவுண்ட் ஸ்டேஜ் என்றெல்லாம் வாய் தானாகப் பேசியது. (எதற்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. இப்போதும் தெரியாது.)

"பாட்டுக்குப் பின்னாடி ம்ம்ம்னு ஒரு சத்தம் வந்துண்டே இருக்கே?" என்றாள் வைதேகி.

"அது வால்வோட குணம்" என்றேன்.

தினகர் வந்து கேட்டுவிட்டு, குற்றவாளி ஃப்ரிட்ஜ்தான் என்று தீர்ப்புச் சொன்னான். ஃப்ரிட்ஜை அணைத்தோம். சத்தம் போகவில்லை, தயிர்தான் புளித்தது.

இந்த லட்சணத்தில் மாமனாரை அழைத்தேன். அக்காவின் குரல் என்றதும் அவரால் மறுக்க முடியவில்லை. ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை காலையில், தட்டை ஒரு துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கூடவே அத்தையும் வந்தார். எழுபதைத் தாண்டியும் கணீர்க் குரல், அதைவிடக் கணீரென்ற பார்வை. எங்கள் பக்கத்தில் தினகர், இஸ்திரி போட்ட சட்டையில்.

சத்தம் சரியாகச் சேரும் இடம் என்று தினகர் அளந்து வைத்திருந்த நாற்காலியில் மாமனாரை உட்காரவைத்தேன். காது உயரம் குறைவாக இருந்ததால் இரண்டு தலையணை போட்டு ஏற்றினேன். குழந்தையை முடி வெட்ட உட்காரவைத்ததுபோல இருந்தார். பிறகு ஃபேனை நிறுத்தினேன்.

"ஏன், கரண்ட் போயிடுத்தா?" என்றார்.

"இல்ல மாமா. ஃபேன் காத்து மிட்ரேஞ்சைக் கலைச்சிடும்."

அவர் மகளைப் பார்த்தார். வைதேகி ஜன்னலைப் பார்த்தாள்.

தட்டை வைத்து முள்ளை இறக்கினேன். ம்ம்ம் என்ற ரீங்காரத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. கனமான குரல். பாறையை உருட்டுவதுபோல நிதானமாகப் பாடியது.

"பாத்தியா மச்சி, இன்னா டெப்த்" என்றான் தினகர்.

"இதுதான் மாமா, சூடான சவுண்டு" என்று நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"யார் பாடறா இது?" என்று கேட்டார் அத்தை.

"நீங்கதான் அத்தை."

"அப்படியா. மீசை வெச்சிண்டிருந்த காலம் போலிருக்கு."

கண்ணைத் திறந்தேன். நான் அதுவரை போட்டுப் பழகியதெல்லாம் பெரிய தட்டுகள். சின்னத் தட்டு அதைவிட வேகமாகச் சுற்ற வேண்டும். பதறிப்போய் வேகத்தை மாற்றும் பொத்தானுக்குக் கையை நீட்டினேன். என் முழங்கை, பிளேயரின் முள் பொருத்திய கைமேல் இடித்தது. முள் தட்டின் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போயிற்று. எங்கள் கடையில் காடாத் துணி கிழிக்கும் சத்தம் எனக்குப் பரிச்சயம். அதேதான்.

தட்டின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. மாமனார் தலையணைகளிலிருந்து மெல்ல இறங்கி வந்து அதைப் பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். விரலால் அந்தக் கோட்டைத் தடவினார். தினகர் வாசல் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தான். அறையில் மிச்சமிருந்தது வேர்வையும் அந்த ம்ம்ம்மும்தான்.

அத்தை மட்டும் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"அஞ்சு கட்டை சுருதி" என்றார். "ஒரு இழை கூட இருக்கு. ஆனா அசையாம நிக்கறது."

"அத்தை, அது கோளாறு" என்றேன்.

"இருக்கட்டுமே. அதை நிறுத்தாதே."

ஸ்பீக்கர் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தட்டில் கேட்கக் கிடைக்காத அந்தப் பாட்டை முதலிலிருந்து பாடினார். இரண்டாவது வரியில் மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். ராகம் தாளம் தெரியாத எனக்கே உடம்பு சிலிர்த்தது. நான் கட்டிய ஆம்ப்ளிஃபயருக்கும் அந்தச் சிலிர்ப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதும் நன்றாகவே புரிந்தது.

தினகர் என் காதருகே வந்தான். "மச்சி, இன்னா கிளாரிட்டி" என்றான். கிண்டலா என்று திரும்பிப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

பாட்டு முடிந்ததும் மாமனார் தட்டைத் துண்டில் சுற்றினார். "இத்தனை வருஷம் போடறதுக்கு ஒண்ணும் இல்லாம பத்திரமா இருந்தது" என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

பிளேயரிலிருந்து வரும் எர்த் வயரை நான் இணைக்காததுதான் அந்த ம்ம்ம்முக்குக் காரணம் என்று அடுத்த வாரம் தெரிந்தது. ஒரு திருகாணி வேலை. முடுக்கப் போனேன், வைதேகி மூலமாக அத்தையின் தடை உத்தரவு வந்தது. அத்தையிடம் சுருதிப் பெட்டி உண்டு, போனிலும் தம்புரா உண்டு. ஆனால் இந்த அளவுக்குக் கூடவே வருவது எதுவும் இல்லையாம்.

இப்போதெல்லாம் அடையாறில் யார் வீட்டிலாவது அத்தை பாடுவதென்றால் முதல் போன் எனக்குத்தான். பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் மாடி ஏற்றி, திருகாணியைக் கவனமாக முடுக்காமல் விட்டு, அத்தைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். என்ன பெட்டி இது, யார் இந்தப் பிள்ளை என்று வந்தவர்கள் விசாரிப்பார்கள். மாமனார் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்லுவார்:

"எங்காத்து மாப்பிள்ளை. நன்னாத் தம்புரா போடுவார்."